மனச்சோர்வும் மூளை வேதிப்பொருள்களும்: மருந்துக் கவுன்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வுக்கான மருந்துச் சீட்டை நீட்டும்போது பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு சந்தேகத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். மருந்தாளுநர் என்பதால் அந்தச் சந்தேகங்கள் எனக்கு அத்துபடி. கவுன்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

1. மூளைக்குள்ள கரன்ட்தானே ஓடுது? இதுல கெமிக்கல் எங்க வந்துச்சு?

இரண்டும் உண்டு. ஒரு நியூரானுக்குள், அதாவது நரம்பணுவுக்குள், செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. நுனிக்கு வந்ததும் அதற்கு மேல் வழி இல்லை. அடுத்த நியூரானுக்கும் அதற்கும் நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. பெரும்பாலான இடங்களில் அந்த இடைவெளியைக் கடப்பது ஒரு வேதிப்பொருள்தான். அதற்குப் பெயர் நரம்புக்கடத்தி.

இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டால் மீதிக் கேள்விகள் சுலபமாகிவிடும். மின்துடிப்பு நுனியைத் தொட்டதும் கால்சியம் உள்ளே பாய்கிறது. கடத்தியை நிரப்பி வைத்திருக்கும் நுண்பைகள் வெளிச்சவ்வோடு ஒட்டித் திறந்து, இருப்பதை இடைவெளியில் கொட்டுகின்றன. கொட்டியது எதிர்ப் பக்கத்து ஏற்பிகளில் போய்ப் பொருந்துகிறது. அடுத்த நியூரான் தூண்டப்படலாம், அடங்கவும் செய்யலாம். அது ஏற்பியைப் பொறுத்தது. வேலை முடிந்ததும் கடத்தி அங்கேயே கிடக்கக் கூடாது. செரடோனின், நார்அட்ரினலின், டோபமைன் மூன்றையும் பெரும்பாலும் அனுப்பிய நியூரானே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது; அதற்கென்று சவ்வில் தனிப் புரதங்கள் இருக்கின்றன. உள்ளே வந்ததில் ஒரு பங்கு மறுபடி நுண்பைக்குப் போகும். மீதியை மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடும்.

ஏற்பி, உறிஞ்சும் புரதம், சிதைக்கும் நொதி. மனச்சோர்வு மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் கை வைக்கின்றன.

2. மனச்சோர்வுன்னா செரடோனின் மட்டும்தானா? வேற எதுவும் இல்லையா?

அதிகம் பேசப்படுவது செரடோனின். ஆனால் அதே குடும்பத்தில் நார்அட்ரினலினும் டோபமைனும் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து மோனோஅமைன்கள் என்பார்கள். இவற்றைத் தயாரிக்கும் நியூரான்கள் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு. மூளையில் மொத்தம் 8,600 கோடி நியூரான்கள் என்று ஒரு கணக்கு. அதில் செரடோனின் தயாரிப்பவை சில லட்சம்தான், பெரும்பாலும் மூளைத்தண்டின் நடுக்கோட்டில் உட்கார்ந்திருக்கின்றன. நார்அட்ரினலினுக்கோ சில பத்தாயிரங்கள் போதுமாக இருக்கிறது. ஆனால் இவற்றின் கிளைகள் மூளை முழுக்கப் பரவுகின்றன. அதனால்தான் மனச்சோர்வில் தூக்கம், பசி, கவனம், வலி, ஆசை எல்லாம் ஒரே நேரத்தில் குலைகிற மாதிரி இருக்கிறது.

மூளையின் அன்றாடப் போக்குவரத்தில் பெரும்பகுதியைக் கவனிப்பது வேறு இரண்டு கடத்திகள்: தூண்டிவிடும் குளூட்டமேட், அடக்கும் காபா. மனச்சோர்வு ஆராய்ச்சி நெடுங்காலம் இவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கதை 13, 14-வது கேள்விகளில் வருகிறது.

3. செரடோனின்தான் சந்தோஷ ஹார்மோனாமே?

இந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்களோ தெரியாது, திரும்ப வாங்கிக்கொண்டால் நல்லது. உடம்பிலிருக்கும் செரடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் இருக்கிறது. அங்கே அதன் வேலை குடலை அசைப்பது. ரத்தத்தட்டுகள் அதைச் சுமந்து போய் ரத்தம் உறையும் இடத்தில் வெளியிடுகின்றன.

மூளையிலும் அதற்கு ஒரே வேலை என்று கிடையாது. செரடோனினுக்கு ஏழு குடும்பங்களில் 14 வகை ஏற்பிகள். ஒரு வகையை மறித்தால் வாந்தி நிற்கும். ஒன்டான்செட்ரான் செய்வது அதைத்தான். வேறு வகைகளைத் தூண்டினால் ஒற்றைத் தலைவலி அடங்கும். டிரிப்டான் மருந்துகள் அப்படி. இத்தனை வேலை பார்க்கும் பொருளுக்குச் சந்தோஷம் என்று ஒரு லேபிளை ஒட்டினால் எப்படி?

4. அப்போ சந்தோஷத்துக்கு டோபமைனா?

அதுவும் சரியில்லை. டோபமைன் இன்பத்தைவிட நாட்டத்தோடும் கற்றலோடும் நெருக்கமானது. எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால் டோபமைன் நியூரான்கள் வேகமாகத் துடிக்கும். எதிர்பார்த்தது கிடைக்காமல் போனால் துடிப்பு தணியும். ஒன்றுக்காக எழுந்து போகலாமா, அதற்காகப் படும் சிரமத்துக்கு அது பெறுமா என்று எடைபோடும் வேலை அது.

மனச்சோர்வு உள்ளவர்கள் 'அழுகை வரல, எதுலயும் பிடிப்பில்ல' என்று சொல்வார்களே, அந்தப் பிடிப்பின்மையோடு டோபமைன் பாதைகளைச் சேர்த்துப் பார்ப்பது நியாயமானதுதான். டோபமைன் நியூரான்கள் அழியும் பார்க்கின்சன் நோயில் மனச்சோர்வு சாதாரணமாக வருகிறது என்பதும் இதற்குப் பொருந்துகிறது. ஆனால் அந்த நோய்க்குத் தரும் லெவோடோப்பா, மனச்சோர்வு மருந்தாக நிலைக்கவில்லை. குறைந்ததை ஊற்றினால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கேயே இடிக்கிறது.

5. இந்த 'கெமிக்கல் குறைஞ்சு போச்சு' கதை எங்கிருந்து வந்துச்சு?

காசநோய் வார்டிலிருந்து. 1952-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த ஸீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற புதிய காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, பேச்சு கூடியது. வார்டில் நோயாளிகள் ஆடும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்த மருந்து மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் நொதியைத் தடுக்கிறது என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. எதிர்த் திசையில் இன்னொரு தடயம்: சர்ப்பகந்தா செடியிலிருந்து எடுத்த ரெசெர்பின், ரத்த அழுத்தத்துக்குத் தந்த மருந்து. அது நுண்பைகளில் மோனோஅமைன்களைச் சேமிக்கவிடாமல் செய்யும். அதைச் சாப்பிட்ட சிலர் சோர்ந்து போனார்கள் என்ற தகவல்கள் வந்தன. எத்தனை பேருக்கு உண்மையாகவே மனச்சோர்வு வந்தது என்பது பிற்பாடு சர்ச்சையானது வேறு விஷயம்.

1957-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் குன், மனச்சிதைவுக்கு என்று கொடுத்துப் பார்த்த இமிப்ரமின் மனச்சோர்வுக்குக் கேட்பதாக எழுதினார். அது ஏன் கேட்கிறது என்பதற்கு முதல் துப்பு 1961-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜூலியஸ் ஆக்ஸல்ராடின் ஆய்வகத்தில் கிடைத்தது: நார்அட்ரினலின் திரும்ப உறிஞ்சப்படுவதை இமிப்ரமின் தடுக்கிறது. அவருக்கு 1970-ல் நோபல் பரிசு. நொதியைத் தடுத்தாலும் உறிஞ்சுவதைத் தடுத்தாலும் மோனோஅமைன் கூடுகிறது, மனமும் தேறுகிறது. அப்படியானால் நோய் என்பது அது குறைவதுதானே? இந்த வாதத்தை 1965-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜோசப் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினை வைத்து எழுதினார். 1967-ல் பிரிட்டனின் அலெக் காப்பன் செரடோனின் பக்கம் நின்றார். இது மிகையாக எளிமைப்படுத்திய கருத்துதான் என்று ஷில்ட்கிராட் அந்தக் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். 1987 கடைசியில் அமெரிக்காவில் செரடோனின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மாத்திரை அனுமதி பெற்றபின் வந்த விளம்பரங்களில் அந்த எச்சரிக்கைக்கு இடமில்லாமல் போய்விட்டது.

6. டாக்டர் 'கெமிக்கல் இம்பேலன்ஸ்'னு சொல்றார். நெட்ல பார்த்தா அது பொய்னு போட்டிருக்கு. யாரை நம்ப?

இருவர் சொல்வதிலும் பாதி பாதி சரி. 2022-ல் பிரிட்டன் மனநல மருத்துவர் ஜோன்னா மான்க்ரீஃப் குழுவினர் அதுவரை வந்த தொகுப்பாய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரடோனின் குறைவாக இருக்கிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். ஊடகங்களில் பெரிய பரபரப்பு. மனநல மருத்துவர்கள் பலர், 'இது எங்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும்' என்றார்கள். எனக்கு அந்தப் பதிலில் கொஞ்சம் வருத்தம்தான். தெரிந்திருந்தால் நோயாளிகளிடமும் அப்படியே சொல்லியிருக்கலாமே.

ஆனால் 'குறைவு நிரூபணமாகவில்லை' என்பதும் 'செரடோனினுக்குச் சம்பந்தமே இல்லை' என்பதும் ஒன்றல்ல. உயிரோடிருக்கும் ஒருவரின் மூளையில், குறிப்பிட்ட இடைவெளியில், எவ்வளவு செரடோனின் கொட்டுகிறது என்று அளப்பது இன்றும் கடினம். கிடைத்த அளவீடுகள் பெரும்பாலும் மறைமுகமானவை. 'இம்பேலன்ஸ்' என்று மருத்துவர் சொல்வது, 'இது உன் சோம்பேறித்தனம் இல்லை, மூளையும் உடம்பும் சம்பந்தப்பட்ட நோய்' என்று புரியவைக்கும் சுருக்கு வழி. அந்த எண்ணம் சரி, சொல்தான் தேய்ந்துவிட்டது.

7. செரடோனினைக் குறைச்சா சாதாரண ஆளுக்கும் மனச்சோர்வு வருமா? யாராவது செஞ்சு பார்த்திருக்காங்களா?

செய்து பார்த்திருக்கிறார்கள், பல தடவை. செரடோனினின் மூலப்பொருள் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம். உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது. டிரிப்டோபன் மட்டும் இல்லாமல் மற்ற அமினோ அமிலங்களைக் கலந்து ஒரு பானம் தயாரிப்பார்கள். குமட்டும், வாயில் வைக்க முடியாது என்று குடித்தவர்கள் சொல்வதுண்டு. குடித்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் டிரிப்டோபன் மளமளவென்று சரியும், மூளையில் செரடோனின் உற்பத்தியும் இறங்கும்.

மனச்சோர்வே வந்திராத ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மனச்சோர்வு வந்து, செரடோனினைக் குறிவைக்கும் மாத்திரையால் தேறியவர்களில் கணிசமானவர்களுக்கு அன்றைக்கே பழைய அறிகுறிகள் தலைகாட்டின. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் போய்விட்டன. நார்அட்ரினலின் வழியாக வேலை செய்யும் மாத்திரையால் தேறியவர்களுக்கு அந்தச் சரிவு அவ்வளவாக இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். செரடோனின் குறைவு நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் அந்த மருந்தால் கிடைத்த தேறுதல் செரடோனினைச் சார்ந்து நிற்கிறது. இரண்டு உண்மைகளும் ஒரே கோப்பையில் கிடைத்துவிட்டன.

8. குறைவே இல்லன்னா மாத்திரை எப்படி வேலை செய்யும்? அப்போ மாத்திரையும் ஏமாத்துதானா?

கை முறிந்தவருக்கு மாவுக்கட்டு போட்டால் எலும்பு சேர்கிறது. அதனால் உடம்பில் மாவுக்கட்டு குறைந்துதான் கை முறிந்தது என்று யாரும் சொல்வதில்லை. மருந்து எங்கே வேலை செய்கிறதோ அங்கேதான் நோய் தொடங்கியது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மாத்திரை வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் சோதனைகளில் இருக்கிறது. 2018-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. ஆராய்ந்த 21 மருந்துகளும், ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாகவே இருந்தன. ஆனால் சராசரி வித்தியாசம் பெரிதில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நிறையப் பேர் தேறினார்கள். சிலருக்கு மருந்து வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கிறது, சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை. எல்லாரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மிதமான எண்தான் வரும்.

9. போட்ட அன்னைக்கே செரடோனின் ஏறிடுதுன்னா, ஏன் நாலு வாரம் பொறுக்கச் சொல்றாங்க?

நல்ல கேள்வி, பழைய 'குறைவு' கதைக்கு இதுதான் தலைவலி. எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை (முக்கியமாகச் செரடோனின் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது; ஃபுளுவாக்ஸெட்டின் இந்த வகைதான்) உறிஞ்சும் புரதத்தைச் சில மணி நேரத்திலேயே அடைத்துவிடுகிறது. ஆனால் செரடோனின் நியூரான்கள் தாம் அனுப்பியதைத் தாமே கண்காணிக்கும் ஏற்பிகளையும் வைத்திருக்கின்றன. இடைவெளியில் அளவு கூடியதும் அந்த ஏற்பிகள் 'போதும்' என்று துடிப்பைக் குறைத்துவிடுகின்றன. கூட்டியது ஒரு கை என்றால் குறைத்தது இன்னொரு கை. நாட்கள் போகப் போகத்தான் அந்தக் காவல் ஏற்பிகள் மந்தமாகி, துடிப்பு பழைய நிலைக்கு வருகிறது.

அப்புறம் இன்னும் மெதுவான வேலைகள் இருக்கின்றன. நியூரான்களின் வளர்ச்சிக்கும் புதிய இணைப்புகளுக்கும் உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் கூடுகிறது. எலிகளில், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் புதிய நியூரான்கள் பிறப்பதும் கூடுகிறது. கடத்தியின் அளவைவிட, அதன் பிறகு மூளை தன்னை மாற்றிக்கொள்ளும் திறன்தான் முக்கியம் என்று இன்று பல ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

குமட்டல், தலைவலி, படபடப்பு மட்டும் காத்திருப்பதில்லை. அவை முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் வருவதற்குமுன் பக்கவிளைவு வருவதால்தான் பலர் முதல் அட்டை முடியுமுன்பே விட்டுவிடுகிறார்கள்.

10. டோஸை ரெண்டு மடங்கா போட்டா சீக்கிரம் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. பல எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் வழக்கமான தொடக்க டோஸிலேயே உறிஞ்சும் புரதங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துவிடுகின்றன என்று மூளை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. அதற்கு மேல் டோஸைக் கூட்டினால் பிடிப்பதற்கு மிச்சம் கொஞ்சம்தான். பக்கவிளைவு மட்டும் கூடும். மருத்துவர் சில சமயம் காரணத்தோடு கூட்டுவார், அது வேறு.

11. ரத்தம் எடுத்து செரடோனின் எவ்வளவுன்னு பார்த்துடலாமே?

பார்க்கலாம், ஆனால் மூளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ரத்தத்தில் இருக்கும் செரடோனின் குடலில் உருவாகி ரத்தத்தட்டுகளில் ஏறியது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடையை அது தாண்டுவதில்லை. செரடோனினையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

மருத்துவர் எழுதித்தரும் ரத்தப் பரிசோதனைகள் வேறு காரணத்துக்காக. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு எல்லாம் மனச்சோர்வு போலவே தோன்றும், அல்லது இருப்பதை மோசமாக்கும். அவற்றைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள்.

12. வீட்டுப் பிரச்சினையாலதான் எனக்கு இப்படி ஆச்சு. இதுக்கு மாத்திரை என்ன செய்யும்?

பிரச்சினையை மாத்திரை தீர்க்காது. ஆனால் 'வாழ்க்கையால் வந்தது', 'மூளையால் வந்தது' என்று இரண்டு பெட்டி போடுவதே சரியில்லை. நெருக்கடி நீண்டால் கார்டிசால் ஹார்மோன் நீண்ட காலம் உயர்ந்தே இருக்கலாம். விலங்குகளில் அது ஹிப்போகேம்பஸ் நியூரான்களின் கிளைகளைச் சுருக்குகிறது. வெளியில் நடப்பது உள்ளே தடம் பதிக்கிறது.

அதே மாதிரி பேச்சு சிகிச்சையும் மூளைக்குள்தான் வேலை செய்கிறது. லேசான மனச்சோர்வுக்கு முதலில் பேச்சு சிகிச்சை, கடுமையானால் மாத்திரையும் சேர்ந்து என்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வரிசை.

உடம்பின் நோயெதிர்ப்பும் இதில் கைகோக்கும். முன்பு ஹெபடைடிஸ்-சி நோய்க்கு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா ஊசி போட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களில் கணிசமானவர்களுக்கு மனச்சோர்வு வந்தது. அழற்சி கூடும்போது ஒரு நொதி தூண்டப்பட்டு, 7-வது பதிலில் சொன்ன டிரிப்டோபனைச் செரடோனின் பாதையிலிருந்து கைனுரெனின் என்ற வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. அந்தப் பாதையில் உருவாகும் சில பொருள்கள் குளூட்டமேட் ஏற்பிகளையும் சீண்டுகின்றன.

13. மயக்க மருந்து கீட்டமைன் கொடுத்தா சில மணி நேரத்துல சரியாகுதாமே, நிஜமா?

சிலருக்கு நிஜம்தான். 2000-ல் ஒரு சிறிய சோதனையிலும் 2006-ல் இன்னொன்றிலும், மயக்கத்துக்குத் தரும் அளவைவிடக் குறைவாக ஒரு தடவை ஏற்றிய கீட்டமைன் சில மணி நேரத்தில் மனச்சோர்வைக் குறைத்தது. வாரக்கணக்கில் காத்திருந்தே பழகிய துறைக்கு அது அதிர்ச்சி. கீட்டமைன் முதன்மையாகத் தொடுவது செரடோனினை அல்ல, குளூட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை. அதை அடைப்பதால் குளூட்டமேட் வேறு ஏற்பிகள் வழியாகப் பீறிட்டு, 9-வது பதிலில் சொன்ன பி.டி.என்.எஃப். வேலையை வேகமாக முடுக்கிவிடுகிறது என்பது பரவலான விளக்கம்.

முழு விளக்கம் அதுதானா? அதே ஏற்பியைத் தடுக்கும் மெமன்டின் என்ற மறதிநோய் மருந்து மனச்சோர்வுக்குக் கேட்கவில்லை. ஆகவே இங்கேயும் ஒரே ஏற்பி, ஒரே காரணம் என்று எழுதிவிட முடியாது. கீட்டமைனின் சகோதர மருந்தான எஸ்கீட்டமைன் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்காக. மருத்துவமனையிலேயே எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஒரு தடவையில் கிடைக்கும் பலன் சில நாட்களில் தேய்ந்துவிடும், தவறான பழக்கமாகும் அபாயமும் உண்டு.

14. பிரசவத்துக்கு அப்புறம் வர்றதும் இதே நோய்தானா?

அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் இங்கே காபாவின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. கர்ப்ப காலத்தில் அல்லோபிரெக்னனோலோன் என்ற ஹார்மோன் மிக அதிகமாக இருக்கும். அது காபா ஏற்பிகளுக்குத் துணை நிற்கும். பிரசவமானதும் சடாரென்று இறங்கிவிடும். அந்த இறக்கத்தை எல்லாப் பெண்களும் சந்திக்கிறார்கள், சிலருக்கு மட்டும் மூளை ஈடுகொடுப்பதில்லை. இதை வைத்து உருவானது ஜுரனோலோன்: 14 நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை, அமெரிக்க அனுமதி 2023-ல். பழைய எஸ்.எஸ்.ஆர்.ஐ.களும் இந்த நிலைக்குப் பயன்படுகின்றன.

15. அப்பாவுக்கு இருந்துச்சு. எனக்கும் அந்த செரடோனின் ஜீன் இருக்குமா?

குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. இரட்டையர் ஆய்வுகளின்படி, மனச்சோர்வுக்கு ஆளாவதில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் சுமார் 37 சதவீதம் மரபைச் சேர்ந்தது. 'அந்த ஜீன்' என்று ஒன்று மட்டும் இல்லை. செரடோனினை உறிஞ்சும் புரதத்தின் மரபணுவில் ஒரு வடிவம் உள்ளவர்கள் நெருக்கடியில் எளிதாகச் சாய்கிறார்கள் என்று 2003-ல் வந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 2019-ல் பல லட்சம் பேரின் தரவை வைத்துப் பார்த்தபோது அதற்கும், அதுபோல் பேர்பெற்ற மற்ற மரபணுக்களுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. மிகச் சிறிய பங்களிக்கும் ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை இது.

16. மாத்திரை பழகிட்டா விடவே முடியாதாமே?

போதைக்கு அடிமையாவது போல இல்லை. ஏங்க வைப்பதில்லை, டோஸைக் கூட்டிக்கொண்டே போகவும் தூண்டுவதில்லை. ஆனால் மூளை அதற்கு ஈடுகட்டித் தன்னை மாற்றியிருப்பதால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், விசித்திரமான கனவுகள், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வு வரலாம். உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் இது அதிகம். வாரக்கணக்கில் தங்கும் ஃபுளுவாக்ஸெட்டினில் குறைவு. சிலருக்கு இது நீண்டும் கடுமையாகவும் இருக்கிறது. அதை மருத்துவ உலகம் வெகுநாள் சாதாரணமாக எடுத்துக்கொண்டது சரியல்ல. நிறுத்துவதென்றால் மருத்துவர் மேற்பார்வையில், படிப்படியாக.

17. மாத்திரை ஆரம்பிச்சா தற்கொலை எண்ணம் கூடும்னு படிச்சேன். பயமா இருக்கு.

25 வயதுக்குட்பட்டவர்களில், முக்கியமாகத் தொடக்க வாரங்களிலும் டோஸை மாற்றும்போதும், இந்த எண்ணம் சிறிதளவு கூடலாம் என்று சோதனைகள் காட்டின. அமெரிக்கா 2004-ல் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்குமாக மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடவைத்தது. 2007-ல் 24 வயதுவரை அதை நீட்டித்தது. அதைவிட மூத்தவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை, 65-க்கு மேல் குறையவே செய்தது. சிகிச்சையே பெறாத மனச்சோர்விலும் தற்கொலை அபாயம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். முதல் மாதம் கூட இருப்பவர்கள் கவனமாக இருங்கள். நிலைகொள்ளாமல் தவிப்பது, தூங்காமல் அலைவது, சாவைப் பற்றிப் பேசுவது எதைக் கண்டாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள்.

ஒருவருக்கு இருப்பது இருதுருவ நோயாக இருந்தால், மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பது மிதமிஞ்சிய உற்சாக நிலைக்குத் தள்ளிவிடலாம். முன்பு எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுகடந்த வேகத்தோடு இருந்ததுண்டா என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். மறைக்காமல் சொல்லுங்கள்.

18. இதுகூட இருமல் மருந்து, வலி மாத்திரை எல்லாம் சாப்பிடலாமா?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் அதிகம். செரடோனினை வெவ்வேறு வழிகளில் கூட்டும் இரண்டு மருந்துகள் சேர்ந்தால் அளவு எகிறி, செரடோனின் சிண்ட்ரோம் என்ற ஆபத்தான நிலை வரலாம்: வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, கால்கள் தாமாக உதறுவது, குழப்பம், முற்றினால் கடும் காய்ச்சல். டிரமடால் என்ற வலி மாத்திரை, லினெசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, பல இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மூலிகைக் கடையில் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். 5-வது பதிலில் வந்த நொதித் தடுப்பான் வகை மருந்தோடு எஸ்.எஸ்.ஆர்.ஐ. சேரவே கூடாது. ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்க நடுவே இடைவெளி வேண்டும். நிறுத்துவது ஃபுளுவாக்ஸெட்டின் என்றால் ஐந்து வாரம்.

3-வது பதிலில் சொன்னேனே, ரத்தத்தட்டுகளிலும் செரடோனின் இருக்கிறது என்று? எஸ்.எஸ்.ஆர்.ஐ. அங்கேயும் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. அதனால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவற்றோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். இருமலுக்கு வாங்கினாலும் இடுப்பு வலிக்கு வாங்கினாலும், என்ன மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது என்று கவுன்டரில் சொல்லிவிடுங்கள்.

19. ஜீன் டெஸ்ட் பண்ணினா எனக்கு எந்த மாத்திரை சரிப்படும்னு சொல்லிடுவாங்களாமே?

அந்த அளவுக்கு இல்லை. சுமார் 4,000 பேரைச் சேர்த்த ஸ்டார்-டி என்ற அமெரிக்க ஆய்வில், முதல் மாத்திரையிலேயே முழுதாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். மற்றவர்கள் மாற்றியோ சேர்த்தோ பார்க்க வேண்டியிருந்தது. யாருக்குச் செரடோனின் மாத்திரை, யாருக்கு நார்அட்ரினலினும் சேர்ந்தது, யாருக்கு நார்அட்ரினலின், டோபமைன் பக்கம் வேலை செய்யும் புப்ரோபியான் என்று முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான சோதனை இன்று இல்லை. மருத்துவர்கள் பெரும்பாலும் பக்கவிளைவைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள்: தூக்கமும் பசியும் இல்லாதவருக்கு மிர்டசபின், எடை கூடக் கூடாதவருக்கு வேறொன்று, இப்படி.

ஜீன் டெஸ்ட் உருப்படியாகச் சொல்வது ஈரல் மருந்தை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்பதை. 2சி19 என்ற நொதி மந்தமாக இருப்பவருக்கு எஸிடலோபிராம் உடம்பில் தேங்கும், ரொம்ப வேகமாக இருப்பவருக்கு வழக்கமான டோஸ் போதாமல் போகலாம். பராக்ஸெட்டின், நார்டிரிப்டிலின் போன்றவற்றுக்கு 2டி6 நொதி. அந்த அறிக்கை ஏற்கெனவே கையில் இருந்தால், மருந்து வாங்க வரும்போது சீட்டோடு சேர்த்து எடுத்து வாருங்கள்.